பைக் அலாரம் வயரிங் கோளாறுகள்: கேள்வி பதில்

வெளியே வாங்கி மாட்டும் அலாரங்களைப் பற்றிக் கேட்டிருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். வேலையில் இறங்கும் முன் இரண்டு பொருள்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இன்னொன்று, 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்து நீங்களே செய்துகொள்ளும் டெஸ்ட் லேம்ப். இரண்டும் வேண்டும். ஏன் என்று கீழே போகப் போகத் தெரியும்.

கேள்வி: அண்ணா, அலாரம் மாட்டுவதற்கு முன்னால் வண்டி ஒரு வாரம் நின்றாலும் செல்ஃப் எடுக்கும். இப்போது இரண்டு நாள் நின்றாலே பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அதே கதைதான். அலாரம் இவ்வளவு கரண்ட் இழுக்குமா?

ஒழுங்காக மாட்டிய அலாரம் இழுக்காது. ஆர்ம் ஆகி, அதாவது ரிமோட்டால் காவலுக்கு வைத்து, சும்மா நிற்கும்போது பெரும்பாலான அலாரங்கள் 5 முதல் 20 மில்லி ஆம்பியருக்குள் எடுக்கும். 10 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 240 மில்லி ஆம்பியர் ஹவர். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதி காலியாகவே பத்து நாள் ஆகும். இரண்டே நாளில் இறங்குகிறது என்றால் வேறு ஏதோ ஒன்று குடிக்கிறது. அதை அளந்தால்தான் பிடிக்க முடியும்.

சாவியை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலையும் டிசி ஆம்பியருக்குத் திருப்பி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரைப் பிடியுங்கள். பவர் திரும்பியதும் அலாரம் ஒருமுறை கத்தக்கூடும். ரிமோட்டால் அடக்கி, திரும்ப ஆர்ம் செய்து, ஒரு நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகு தெரியும் அளவுதான் கணக்கு. எல்இடி மினுக்கும்போது எண் கொஞ்சம் ஆடும், அது பரவாயில்லை.

மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது சாவியைப் போடாதீர்கள், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அளந்து முடித்த கையோடு சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் இருப்பதை மறந்து பேட்டரி வோல்டேஜ் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட்.

அடுத்து அலாரத்தின் ஃப்யூஸை மட்டும் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

அதே வாசகர் மறுபடி: அளந்தேன் அண்ணா. ஆர்ம் ஆகி நிற்கும்போது 165 மில்லி ஆம்பியர். அலாரம் ஃப்யூஸை எடுத்தால் 1 தான். அப்போது அலாரம் பெட்டி கோளாறா? கூடவே ஒரு தனி ரிலேயும் மாட்டியிருக்கிறார்கள். ஆர்ம் ஆனதும் பெட்டியிலிருந்து அந்த ரிலேக்கு எர்த் வருகிறது.

பெட்டியில் தவறில்லை தம்பி. நீங்கள் சொன்ன எண்ணே காரணத்தைக் காட்டிவிடுகிறது. ரிலே என்பது உள்ளிருக்கும் காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் இழுத்து மாறும் சுவிட்ச். கார்களில் வரும் சாதாரண 12 வோல்ட் ரிலேயின் காயில் ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் எடுக்கும். அலாரத்தின் பங்கு போக மீதி அதுதான். வண்டி பூட்டி நிற்கும் நேரம் முழுக்க ரிலே இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் ஹவர்! சின்ன பேட்டரி இரண்டு நாள் தாங்குவதே பெரிது.

மாட்டியவர் காயிலின் பாசிட்டிவை நேராக பேட்டரியிலிருந்து எடுத்திருப்பார். அதைக் கழற்றி, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயரில் கொடுங்கள். ரிலேயில் 86 என்ற முனைக்கு அந்தச் சாவி வயர், 85-க்கு பெட்டியிலிருந்து வரும் எர்த் வயர். வெட்ட வேண்டிய வயரின் (எது என்று எஞ்சின் அணையும் கேள்வியில் கீழே சொல்கிறேன்) இரண்டு முனையும் 30-க்கும் 87ஏ-க்கும் போகட்டும். இப்படிச் செய்தால் சாவி இல்லாதபோது காயிலுக்குக் கரண்டே போகாது. ஆர்ம் ஆகியிருக்கும்போது யாராவது கள்ளச் சாவி போட்டால் அந்த நொடி ரிலே இழுத்து லைனைத் துண்டிக்கும். பாதுகாப்பு அப்படியே இருக்கும், பேட்டரியும் பிழைக்கும்.

கேள்வி: ஹோண்டா வண்டி. அலாரத்தின் கறுப்பு எர்த் வயரை வண்டியின் கறுப்பு வயரோடு சேர்த்தேன். சாவி போட்டவுடன் ஃப்யூஸ் போனது. அலாரம் டூப்ளிகேட்டா?

இல்லை. ஹோண்டாவில் எர்த் பச்சை. கறுப்பு என்பது சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் வயர். நீங்கள் சாவி லைனை அலாரத்தின் எர்த்தில் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பக்கம் எங்கேயோ பாடியில் எர்த் ஆகியிருந்ததால் ஃப்யூஸ் போயிருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இது ஹோண்டாவோடு நிற்பதில்லை. யமஹாவில் எர்த் கறுப்பு, சாவி லைன் பிரவுன். சுசுகியில் எர்த் பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு, சாவி லைன் ஆரஞ்சு. கவாசாகியில் எர்த் கறுப்பில் மஞ்சள் கோடு, பேட்டரியிலிருந்து வரும் வயர் பல மாடல்களில் வெள்ளை. அலாரம் பெட்டிகளுக்குள்ளோ ஒரு பொது நிறமே கிடையாது. ஒரே அட்டைப்பெட்டி, ஒரே பெயர், இரண்டு தடவை வாங்கினால் இரண்டு விதமான நிறம் வருவதும் உண்டு.

அதனால் நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவை மீட்டர் சொல்லட்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, தேடும் வயரில் சிவப்பை வையுங்கள். சாவி அணைத்தால் பூஜ்யம், போட்டால் பேட்டரி வோல்டேஜ், செல்ஃப் அழுத்தும்போதும் அந்த வோல்டேஜ் காணாமல் போகக் கூடாது. அதுதான் அலாரத்தின் சாவி அறியும் வயருக்குச் சரியான இடம். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் லைனில் எஞ்சின் ஓடினால்தான் கரண்ட் வரும், அதுவும் ஏசி. அங்கே கொடுத்தால் சாவி போட்டது அலாரத்துக்குத் தெரியவே தெரியாது. வண்டி எடுக்கும்போதே கத்தத் தொடங்கும்.

கேள்வி: அலாரம் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. இப்போது பள்ளத்தில் இறங்கினால் எஞ்சின் ஒரு கணம் அணைந்து திரும்ப எடுக்கிறது. நேற்று லாரி பின்னால் வரும்போது முழுக்கவே நின்றுவிட்டது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் போகவில்லை.

இதைச் சரிசெய்யும் வரை தயவுசெய்து வண்டியை வெளியே எடுக்காதீர்கள். வந்த கேள்விகளிலேயே இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

அணைந்து உடனே எடுக்கிறது, அதுவும் குலுங்கும்போது மட்டும் என்றால் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கரண்ட் விட்டு விட்டு வருகிறது. உங்கள் அலாரத்தில் எஞ்சினை நிறுத்தும் வசதிக்காக இக்னிஷன் வயரை வெட்டி, நடுவில் ரிலேயைப் புகுத்தியிருப்பார்கள். இனி எஞ்சின் ஓட வேண்டிய ஒவ்வொரு நொடியும் அந்தக் கரண்ட் ரிலேயின் தொடுமுனை வழியாகத்தான் போக வேண்டும். அந்த ரிலே சீட்டுக்கு அடியில் வயரில் தொங்கிக்கொண்டிருந்தால், பக்கத்திலேயே முறுக்கி டேப் சுற்றிய இரண்டு இணைப்பும் இருந்தால், ஒரு பள்ளம் போதும்.

வெட்டிய இரண்டு முனைகளையும் ரிலேயிலிருந்து கழற்றி, நேராக ஒன்றோடு ஒன்று உறுதியாகச் சேருங்கள். பிறகு நடு ஸ்டாண்டில், நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டு வயர் கட்டை ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அணையவில்லை என்றால் காரணம் ரிலே பக்கம்தான். ஹேண்டில் திருப்பும்போது மட்டும் அணைந்தால் ஹேண்டில் கழுத்தில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். அலாரம் மாட்டும்போது வயர் கட்டை இழுத்து இறுக்கிக் கட்டினால் இது வரும். ரிலே கழன்ற பிறகும் பள்ளத்தில் அணைந்தால், சாவி வயரில் அலாரத்துக்காகக் கிளை எடுத்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள். பத்து இழையில் இரண்டு இழை மட்டும் மிச்சம் இருக்கலாம். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் இருக்கும் வண்டியில் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காரணம் ரிலே என்று தெரிந்தால் புது ரிலே வாங்கி அதே இடத்தில் மாட்டாதீர்கள். ஓடும் எஞ்சினின் இக்னிஷன் லைனில் வெளிச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரிலேயை செல்ஃப் லைனுக்கு மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் அல்ல, செல்ஃப் பட்டனிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகும் சின்ன வயரில். அங்கே ரிலே பழுதானால் செல்ஃப் எடுக்காது, அவ்வளவுதான். ஓடும் வண்டி நிற்காது. கிக்கர் உள்ள வண்டியைத் திருடன் உதைத்து எடுத்துவிடுவானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த அளவுக்குப் பாதுகாப்பு குறையும். அதற்கு ஒரு டிஸ்க் லாக் போட்டுக்கொள்ளலாம். லாரிக்கு முன்னால் எஞ்சின் அணைவதற்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

கேள்வி: இடது இண்டிகேட்டர் போட்டால் நான்கும் மின்னுகின்றன. வலது போட்டாலும் அப்படித்தான்.

அலாரத்திலிருந்து இண்டிகேட்டருக்குப் போகும் இரண்டு வயர்கள் பெட்டிக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இடதுக்குப் போகும் கரண்ட் அந்த வழியாகப் பின்வாங்கி வலதுக்கும் போய்விடுகிறது. நல்ல பெட்டிகளில் இதைத் தடுக்க உள்ளேயே டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சாமான்) இருக்கும். மலிவானவற்றில் இருக்காது, அல்லது மாட்டும்போது நடந்த ஷார்ட்டில் செத்திருக்கும். இரண்டு வயரையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் ஒவ்வொரு வயரிலும் ஒரு டையோடு சேர்த்தால் போதும். வெள்ளிக் கோடு இருக்கும் முனை விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். சாதாரண பல்பு என்றால் ஒரு பக்கத்துக்கு இரண்டு 10 வாட், கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். ஆகவே 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 வாங்குங்கள். எல்லோரும் கையில் எடுக்கும் 1என்4007 ஒரு ஆம்பியர்தான் தாங்கும், எல்இடி விளக்குக்கு மட்டும் அது சரி.

கழற்றிய பிறகும் நான்கும் மின்னினால், சமீபத்தில் இண்டிகேட்டரை எல்இடிக்கு மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மீட்டர் போர்டில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே அம்புக்குறி விளக்கு இருக்கும் வண்டிகளில், அந்தச் சின்ன பல்பு எதிர்ப் பக்க விளக்குகள் வழியாகத்தான் எர்த் தேடும். பழைய பல்புகள் அந்தச் சிறு கரண்டில் எரியாது, எல்இடி எரிந்துவிடும். அப்போது அலாரத்தின் மேல் பழி இல்லை.

கேள்வி: செல்ஃப் அழுத்தினால் அலாரம் ஒரு பீப் கொடுத்து ரீசெட் ஆகிறது. சில நேரம் ரிலே கடகடவென்று அடிக்கிறது. மீட்டரில் பார்த்தால் அலாரம் வயரில் 12.6 வோல்ட் சரியாக வருகிறது.

சும்மா இருக்கும்போது பார்த்தால் 12.6 தான் காட்டும். துரு ஏறி ஒரே இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. டெஸ்ட் லேம்ப் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்குத்தான். அலாரத்தின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் அந்த பல்பைப் பிடியுங்கள். மங்கலாக எரிந்தால் வயர் சோடை.

எந்த வயர் என்று பார்க்க மீட்டரை எடுங்கள். சைரன் கத்தும்போது, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் ஒரு முனை, அலாரத்தின் எர்த் வயரில் ஒரு முனை. 0.1, 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று போனால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதேபோல் டெர்மினலிலிருந்து அலாரத்தின் சிவப்பு வரை பாருங்கள். பெயிண்ட் அடித்த ஃப்ரேம் போல்ட்டில் எர்த் கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் அதைக் கழற்றி பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். எனக்கு வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால் செல்ஃப் அழுத்தும்போது பேட்டரியிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அலாரத்தை மட்டுமல்ல, பேட்டரியையும் அது தின்றுவிடும்.

கேள்வி: பழைய வண்டி சார். சிடிஐயின் ஆஃப் வயரை அலாரத்தில் கொடுத்தேன். கிக்கர் அடித்ததும் பெட்டியிலிருந்து புகை.

சிடிஐ என்பது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் யூனிட். உங்களுடையது ஏசி சிடிஐ. இதில் சிடிஐக்கு மேக்னட் காயிலிலிருந்து நேராகக் கரண்ட் வருகிறது, பேட்டரிக்கு அங்கே வேலை இல்லை. எஞ்சின் ஓடும்போது அந்த ஆஃப் வயரில் நூறு வோல்ட்டைத் தாண்டிய துடிப்புகள் இருக்கும். 12 வோல்ட் பெட்டியின் உள்சுற்று தாங்காது.

அடுத்த பெட்டி மாட்டும் முன் எந்த வகை என்று உறுதிசெய்வது சுலபம். எஞ்சின் ஓடாதபோது சாவி போட்டால் சிடிஐக்கு 12 வோல்ட் வருகிறது என்றால் டிசி வகை. வராமல், சாவியை அணைத்ததும் ஒரு வயர் எர்த்தோடு சேர்கிறது என்றால் ஏசி வகை. ஏசி வகையில் அந்த வயரை எர்த் செய்தால்தான் எஞ்சின் நிற்கும். அதைப் பெட்டிக்குள் கொண்டுபோகாமல் விட்டுவிடுங்கள். சைரனும் ஷாக் சென்சாரும் போதும்.

கேள்வி: நடு இரவில் யாரும் தொடாமலே கத்துகிறது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

ஷாக் சென்சாரின் உணர்திறனைக் கடைசிவரை குறைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். அமைதியாகிவிட்டால் சென்சார்தான். தளர்ந்த மட்கார்டு, ஆடும் நம்பர் பிளேட் இவற்றின் பக்கத்திலிருந்து பெட்டியை நகர்த்தி, ஃப்ரேமில் இறுக்கிக் கட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளுங்கள். குறைத்த பிறகும் கத்தினால் வயரிங்கைப் பாருங்கள். சாவி அறியும் வயர் எங்கும் சரியாகச் சேராமல் தொங்கினாலும், அதன் இணைப்பில் ஈரம் இறங்கினாலும், யாரோ சாவி போட்டதாக அலாரம் நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: ரிமோட்டிலேயே ஸ்டார்ட் செய்யும் வயரை எங்கே கொடுப்பது? என்னுடையது கியர் வண்டி.

கொடுக்காதீர்கள். வயரின் முனையை இன்சுலேட் செய்து மடக்கிக் கட்டிவிடுங்கள். கியரில் நிறுத்திய வண்டி ரிமோட்டை அழுத்தினால் முன்னால் பாயும். அந்த நேரம் முன்னால் ஒரு குழந்தை நிற்கலாம். சட்டைப் பையில் தவறுதலாக அழுந்துவதும் நடக்கும். வண்டியில் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் என்று கம்பெனி வைத்த பாதுகாப்பையெல்லாம் இந்த ஒரு வயர் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: புது வண்டி, எல்லாமே எல்இடி, கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. அலாரம் மாட்டியதும் வண்டியின் மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

இண்டிகேட்டர் வயர்களில் சேர்த்திருப்பீர்கள். இந்த வகை வண்டிகளில் விளக்குக்குப் போகும் கரண்டைக் கன்ட்ரோல் யூனிட்டே கண்காணிக்கும். வெளியிலிருந்து வோல்டேஜ் உள்ளே வந்தால் பழுது என்று பதிந்துவிடும். அந்த இரண்டையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவ், நெகட்டிவ், சாவி வயர் மூன்று மட்டும் போதும். ஒன்றோடொன்று முறுக்கிய மெல்லிய இரட்டை வயர் கண்ணில் பட்டால் அது கேன் பஸ், வண்டியின் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லைன். அதைக் கீறிப் பார்க்கக்கூட வேண்டாம். வயர் கட்டை வெட்டியதாகத் தெரிந்தால் வாரண்டியிலும் வம்பு வரும். உங்கள் மாடலுக்கென்று கப்ளரோடு வரும் அலாரம் கிடைத்தால் அதற்கே போங்கள்.

கேள்வி: வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? வாட்டர் வாஷ் முடிந்ததும் அலாரம் தாறுமாறாக நடக்கிறது.

இரண்டாவதாகச் சொன்னதுதான் முதல் கேள்விக்குப் பதில். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகிப் பிரியும், தண்ணீர் உள்ளே போகும், செம்பு பச்சை பூக்கும். அசையாத இடத்தில் ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். அதிர்வு அதிகம் உள்ள இடத்தில் ஈயம் வைத்த ஓரத்தில் வயர் முறியும், அங்கே நல்ல கிரிம்ப் இணைப்பு மேல். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வேண்டவே வேண்டாம், இழைகளை அறுத்துவிடும்.

பெட்டியை வயர்கள் கீழ்நோக்கி வரும்படி வையுங்கள். வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். அலாரத்தின் ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவுக்கு வெகு பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் காப்பாற்ற முடியாது.

கேள்வி: ரிமோட் பத்தடியில்தான் வேலை செய்கிறது.

முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், பெட்டியிலிருந்து வெளியே நீட்டும் ஒற்றை மெல்லிய வயரைத் தேடுங்கள். அது ஆன்டெனா. எதிலும் சேர்க்கக் கூடாது, வெட்டக் கூடாது, மற்ற வயர்களோடு சுருட்டிக் கட்டவும் கூடாது. இரும்பை விட்டு விலக்கி நேராக நீட்டிப் பிளாஸ்டிக் கவருக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் ரிமோட் எடுக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகைதானா என்று பாருங்கள்.